முதுகில் பத்து வட்டங்கள்

ஒரு விடுகதை. பிறக்கும்போதே போட்டுக்கொண்டு வந்த சட்டை. பொத்தான் கிடையாது, பை கிடையாது, தைத்தவர் யாரென்று தெரியாது. ஆள் வளர வளர அதுவும் கூடவே வளரும். கிழிந்தால் தன்னைத்தானே தைத்துக்கொள்ளும். குளிக்கும்போதுகூடக் கழற்ற முடியாது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். சம்முவுக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஐந்து வயது. ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில், பதினான்காம் அறைக்கு வெளியே கிடந்த நீல பெஞ்சில், மேலே சட்டை இல்லாமல், அப்பாவின் முழங்கால் மேல் அப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "யூனிஃபார்மா?" என்றாள். "இல்ல கண்ணு. யூனிஃபார்மத்தான் சாயங்காலம் வந்ததும் கழட்டி வீசிடறயே." "அப்பன்னா ஸ்வெட்டர்." "ஸ்வெட்டர் தானா வளருமா?" "பெரியம்மா பின்னுனா வளரும்ல." அப்பா அர்த்தநாரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முழுவதும் வருவதற்குள் அவள் கை முதுகுப் பக்கம் போனது. அவர் அந்தக் கையைப் பிடித்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். விடுகதை போட்டதே இந்தக் கைக்காகத்தான். இரண்டு நாளாக அவள் முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை லூர்து சிஸ்டர் இப்போதுதான் உரித்து எடுத்திருந்தார். பிளாஸ்திரிக்கு அடியில் ஒட்டும் பொட்டு அளவில் பத்து அலுமினியத் தட்டுகள். தட்டுக்கு ஒன்றாகப் பத்து மருந்து. குணமாக்குகிற மருந்து இல்லை. உனக்கு எது ஆகாது என்று தோலிடமே கேட்கிற மருந்து. உரித்த உடனே பார்க்கக் கூடாதாம். அழுத்தி ஒட்டிய இடம் எப்படியும் சிவந்துதான் இருக்குமாம். கொஞ்ச நேரம் விட்டால் பொய்ச் சிவப்பெல்லாம் அடங்கி மெய்ச் சிவப்பு மட்டும் நிற்குமாம். "அரை மணி நேரம் சொறியாமப் பாத்துக்கங்க. முதுகு சாயக் கூடாது, சட்டை போடக் கூடாது. அப்புறம் மேடம் வந்து பாப்பாங்க," என்று சொல்லிவிட்டு சிஸ்டர் உள்ளே போனார். மனைவி சாந்தாமணி சீட்டில் முத்திரை வாங்க வரிசைக்குப் போயிருந்தாள். அரை மணி நேரத்துக்கு அப்பாவும் மகளும்தான்.

அரை மணி நேரம் என்றால் எவ்வளவு என்று அர்த்தநாரியிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டில் இருபத்து நான்கு வருடமாக டைம் கீப்பர். வண்டி வந்த நேரம், புறப்பட்ட நேரம், தாமதமானால் ஏன் என்று ஒரு வரி. உரிக்கும்போது மணி பத்து இருபது. சத்தி வண்டி புறப்படுகிற நேரம். இருபத்தைந்துக்குப் பெருந்துறை, முப்பத்தைந்துக்குக் கோபி, நாற்பதுக்குக் காங்கயம், ஐம்பதுக்குக் கரூர். கரூர் வண்டி நகரும்போது உள்ளே கூப்பிடுவார்கள். நேரம் பார்க்க இடது கையைத் திருப்பினார். மணிக்கட்டில் கடிகாரம் இல்லை, வெளுத்த ஒரு பட்டைதான் இருந்தது. நான்கு மாதமாகியும் கை இன்னும் திரும்பத்தான் திரும்புகிறது. டைம் கீப்பர் கடிகாரம் கட்டாமல் வேலைக்கு வந்தால் கேட்காமல் விடுவார்களா. கண்டக்டர் சென்னிமலை கேட்டான், "என்னங்ணா, மாமனார் சீதனத்த அடகு வச்சுட்டீங்களா?" குழந்தைக்கு ஆகாது என்று கழற்றிவிட்டேன் என்றார். கடிகாரத்தின் உலோகப் பட்டை உரசி உரசித்தான் கன்னத்தில் வந்திருக்கும் என்று அப்போது உறுதியாக நம்பினார். அப்போது ஒவ்வொன்றையும் உறுதியாகத்தான் நம்பினார். ஆடியில் வந்தது. இடது கன்னத்தில் முதலில் ஒரு சொரசொரப்பு, பிறகு சிவப்பு, பிறகு நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளம். இரண்டு முழங்கை மடிப்பிலும் அதேபோல. முழங்கை மடிப்பு என்றதும் இது குழந்தைகளுக்கு வருகிற கரப்பான்தான், வளர வளரப் போய்விடும் என்றார் தெருமுனை டாக்டர். களிம்பு போட்டால் அடங்கும். அடங்கினால் திரும்ப வரும். அப்புறம் இந்த ஆஸ்பத்திரி. இந்த டாக்டர் ஃபௌசியா சின்ன வயது, இருபத்தெட்டு இருக்கலாம், இடது கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வலது கன்னத்துல ஏன் இல்ல?" என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பேட்ச் டெஸ்ட் வைத்துப் பார்க்கலாம், ஆனால் இந்த வெயிலில் வேண்டாம், வேர்த்தால் பிளாஸ்திரி உரிந்துவிடும், கார்த்திகை கழியட்டும், அதுவரை சந்தேகப்பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிப் பாருங்கள் என்றார். விலக்கினார்கள். கொலுசு போனது. தோடு போய் வேப்பங்குச்சி வந்தது. அரைஞாண் கயிற்றைச் சாந்தாமணி கத்தரிக்கோலால் வெட்டும்போது ஏதோ ஆகாததைச் செய்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். பவுடர், மை, வாசனை சோப்பு, ரப்பர் செருப்பு, ஜரிகை வைத்த பாவாடை. எல்லாம் ஒரு அட்டைப் பெட்டிக்குள் போய்ப் பரண் ஏறியது. வீட்டில் எதுவும் மினுங்கவில்லை, எதுவும் மணக்கவில்லை. கன்னம் மட்டும் ஆறவில்லை.

"அப்பா, க்ளூ குடு." "உங்கிட்டயும் இருக்குது, எங்கிட்டயும் இருக்குது." "அம்மாகிட்ட?" "அம்மாகிட்டயும் இருக்குது." அவள் யோசிக்க ஆரம்பித்தாள். யோசிக்கும்போது அவளுக்கு அரிப்பு மறந்துவிடும். அவர் மெதுவாகத் தலையைச் சாய்த்து அவள் தோளுக்கு மேலாக முதுகை எட்டிப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று இல்லை. ஆனாலும் பரீட்சைத் தாளைத் திருத்துகிற இடத்தில் போய் எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து. வட்டத்துக்குப் பக்கத்தில் ஊதா மையில் எண். எல்லாமே சிவப்பு. ஒன்று சிவப்பு, நான்கு சிவப்பு, எட்டும் சிவப்பு. எட்டைப் பார்த்துவிட்டு உடனே ஆறைப் பார்த்தார். எட்டைத்தான் பார்த்தோம் என்று தனக்கே காட்டிக்கொள்ளக் கூடாது என்பதுபோல. செவ்வாய்க்கிழமை ஒட்டும்போது லூர்து சிஸ்டரிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டு வைத்திருந்தார். ஒன்று நிக்கல், அதுதான் ஊக்கு, கவரிங் நகை. இரண்டு சிமெண்டில் இருப்பது. மூன்று வாசனை. நான்கு ரப்பர். ஐந்து களிம்பில் சேர்ப்பது. அப்படியே சொல்லிக்கொண்டு வந்து, "எட்டு வந்து முடிக்குப் போடற கறுப்பு டை," என்று சிஸ்டர் சொன்னபோது, ஒன்பதும் பத்தும் அவர் காதில் ஏறவே இல்லை. எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் ஒன்பதும் பத்தும் என்னவென்று நினைவுக்கு வரவில்லை. நினைவு எட்டிலேயே நின்றுவிடுகிறது, ரோட்டில் லாரி கவிழ்ந்து கிடக்கிற மாதிரி. அதற்கு அந்தப் பக்கம் எந்த வண்டியும் போகவில்லை.

"பேத்திக்கு என்னங்க?" என்று கேட்டது பக்கத்து பெஞ்சு. இரண்டு கைகளிலும் துணி சுற்றியிருந்த ஒருவர், கொத்தனாராக இருக்கலாம், சிநேகமாகத்தான் கேட்டார். "பொண்ணுங்க," என்றார் அர்த்தநாரி. "கடைசிப் பொண்ணுங்களா?" "மொதப் பொண்ணுங்க." கொத்தனார் தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டு, "அதுக்கென்னங்க, சாமி எப்பக் குடுக்குதோ அப்பத்தான்," என்றார். தலைக்குக் கறுப்பு பூசியும் பேத்தி என்றுதான் கேட்கிறார்கள். நாற்பத்தைந்தில் கல்யாணம், நாற்பத்தெட்டில் குழந்தை, இப்போது ஐம்பத்து மூன்று. ஆனி மாதம் எல்.கே.ஜி.யில் விடப் போன முதல் நாள், பள்ளிக்கூட கேட்டில் வாட்ச்மேன் மரியாதையாகக் கையைக் காட்டி, "தாத்தா, பேரப்புள்ளைங்கள இந்தப் பக்கமா விடுங்க," என்றான். சம்மு உடனே, "இது எங்கப்பா," என்றாள். சத்தமாகச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அவள் அவருக்காகச் சண்டை போட்டாள். நான்கே வயதில் அவளைச் சண்டை போட வைத்துவிட்டோமே என்று அன்றைக்கு முழுக்க டைம் ஆபீஸில் உட்கார்ந்து மனம் ஆறவில்லை. நாளைக்கு இன்னொருவன் சொல்வான், அவள் இன்னொரு தரம் சொல்ல வேண்டும், பிறகு ஒருநாள் சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்வாள். அந்த ஒருநாளை அவரால் பார்க்க முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமையே டை டப்பா வாங்கிவந்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு. தலை, கிருதா, மீசை. சென்னிமலை திங்கட்கிழமை பார்த்துவிட்டு, "டைம் கீப்பருன்னா இவருதாண்டா. டைமையே பின்னால ஓட்டிப்புட்டாரு!" என்று கத்தினான், டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், சந்தோஷமாகவே இருந்தது. ஆனியில் பூசினார். ஆடியில் வந்தது. இரண்டுக்கும் நடுவில் நாற்பது நாள்கூட இல்லை. வண்டிக்கும் வண்டிக்கும் இருக்கிற இடைவெளியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவருக்கு இது தெரியவில்லை. தெரியவே இல்லையா, தெரிந்துகொள்ள விரும்பவில்லையா. இல்லை, சத்தியமாகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வரைக்கும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை டாக்டர் ஃபௌசியா ஒரு நீளத் தாளை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தார், குழந்தைக்கு என்ன எண்ணெய், என்ன சோப்பு, யார் குளிப்பாட்டுகிறீர்கள், யார் அதிகம் தூக்குகிறீர்கள், "வீட்ல யாராச்சும் ஹேர் டை போடுறீங்களா?" சாந்தாமணி அந்த நேரம் பார்த்துச் சம்முவைக் கழிவறைக்குக் கூட்டிப்போயிருந்தாள். "இல்லீங்க மேடம்," என்றார். யோசித்துச் சொல்லவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அந்தப் பெண் நிமிர்ந்து அவர் மீசையைப் பார்த்தார். ஒரு நொடிதான். டை போட்டு ஒன்பது நாள் ஆன மீசை, அடியில் அரிசிக் குருணை மாதிரி வெள்ளை தெரிகிற மீசை. பார்த்துவிட்டு, பார்க்காததுபோலக் குனிந்து, "சரி, எதுக்கும் அதையும் ஒண்ணு வச்சுருவோம்," என்று எழுதிக்கொண்டார். அவமானப்படுத்தவில்லை. அதுதான் இரண்டு நாளாக உள்ளே கிடந்து அறுக்கிறது. ஐம்பத்து மூன்று வயது ஆள் ஒரு பொய் சொன்னதும், மகள் வயதுப் பெண் அதைக் கீழே விழாமல் பிடித்துப் பத்திரமாக மேஜையில் வைத்ததும். ஏன் சொன்னோம். வாட்ச்மேனுக்காகவா. டாக்டர் முன்னால் கிழவனாக நிற்க வெட்கமா. அதெல்லாம் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவுடனே, பதில் வருவதற்கும் முன்னால், அவருக்கு விடை தெரிந்துவிட்டது. இடது கன்னம். இடது தோளில்தான் தூக்குவார். வலது கையில் பையும் குடையும். அவள் இடது கன்னத்தை அவருடைய கிருதாவில் ஒட்டிவைத்து, இரண்டு கைகளையும் பின்கழுத்தில் கட்டிக்கொள்வாள். முழங்கை மடிப்பு சரியாகப் பிடரி முடியில் வந்து உட்காரும். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் அப்படித்தான். தூங்கிவிட்டால் இன்னும் அழுத்தமாக. அவள் உடம்பில் வந்திருந்த நோய் அவளைத் தூக்கிக்கொள்கிற ஆளின் வரைபடம்.

எட்டைத் திரும்பப் பார்த்தார். மூன்று வெளுத்துக்கொண்டு வந்தது. நான்கும். எட்டு அப்படியே இருந்தது, இல்லை, பார்வைக்கு அப்படித் தெரிகிறது, ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம் விழுகிறது, உற்றுப் பார்த்தால் எதுவும் சிவப்பாகத்தான் தெரியும். செவ்வாய் இரவு அவர் பாயைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். "ஏன்ப்பா அங்க படுக்கற?" "இங்கதான் கண்ணு காத்து வருது." நேற்றும் அப்படித்தான். இரண்டு ராத்திரி காற்று. அவருடைய அப்பாவும் தள்ளியே படுப்பார். வாய்க்கால் ஓரத்துச் சாயப்பட்டறையில் வேலை. முழங்கை வரைக்கும் நீலம், சில வாரம் சிவப்பு, ஆர்டரைப் பொறுத்து. வீட்டுக்கு வரும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே வாசலில் நிற்பார், யாரோ விலங்கு போட்டுக் கூட்டிவந்த மாதிரி. தங்கச்சி தொட்டிலில் அழுதால் கையால் ஆட்ட மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து காலால் ஆட்டுவார். பட்டறையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், இந்தச் சாயம் பச்சைப் பிள்ளைக்கு ஆகாது என்று. அம்மா அதைச் சொன்னது பின்னால், அப்பா போனதற்குப் பின்னால். சின்ன வயதில் அர்த்தநாரிக்குத் தெரிந்ததெல்லாம், இந்த ஆள் நம்மைத் தொடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிவந்தபோது நோட்டைக் கீழே வைக்கச் சொல்லிக் குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அப்பாவின் பிணத்தைக் குளிப்பாட்டும்போது அர்த்தநாரி பார்த்தார், நகக்கண்ணில் இன்னும் நீலம் இருந்தது. பட்டறையை விட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. தனக்கு என்று ஒரு பிள்ளை பிறந்தால் கீழேயே விடமாட்டேன் என்று எந்த வயதில் நினைத்தார், தெரியாது. கல்யாணமே ஆகாது என்று ஊர் முடிவு கட்டிய பிறகும் அதை நினைத்துக்கொண்டுதான் இருந்தார். விடவும் இல்லை. ஐந்து வருடமாகச் சம்முவின் கால் தெருவில் பட்டது குறைவு. சாந்தாமணி சத்தம் போடுவாள், "இப்படியே தூக்கிட்டுத் திரிஞ்சா அவளுக்கு நடக்கறது எப்படீன்னு மறந்துபோயிருமுங்க." மறக்கட்டும் என்பார். அவருடைய அப்பா அறிந்து தள்ளிப் படுத்தார். காலால் ஆட்டினார். இவர் கடையில் கேட்டு வாங்கி, கண்ணாடி பார்த்துப் பூசி, கொண்டுபோய்க் கன்னத்தில் வைத்தார். வைத்தது தெரியாமல் வைத்தது. சரி. செவ்வாய்க்கிழமை தெரிந்த பிறகு "இல்லீங்க" என்றது? அந்த இடத்தில் யோசனை வந்து முட்டிக்கொண்டு நின்றது. திரும்பி வேறு வழியாகப் போனாலும் அதே இடத்துக்குத்தான் வந்தது. புதன்கிழமை அலமாரியிலிருந்து சம்முவின் பள்ளிக்கூட டைரியை எடுத்துப் பார்த்தார். விடுப்புக் கடிதம் எல்லாம் இவர் கையெழுத்துதான். டை பூசிய ஞாயிறை அடுத்த ஒரு செவ்வாய், பதினான்கு நாள் கழித்து இன்னொரு செவ்வாய், பதினான்கு நாள் கழித்து இன்னொரு செவ்வாய். அட்டவணை தவறாமல் வந்துபோன வண்டி. ஒரு தரம்கூடத் தாமதமில்லை. அவர் பதிவேட்டில் மட்டும் அது ஏறவில்லை.

சாந்தாமணி ஒரு கையில் சீட்டும் மறு கையில் பன்னும் டீயுமாக வந்தாள். அவள் கழுத்து வெறுமையாக, மஞ்சள் கயிறு மட்டும் தொங்க, யாரோ ஒருத்தியுடையதுபோல இருந்தது. "இன்னும் எவ்வளவு நேரமுங்க?" "கோபி வண்டி இப்பத்தான் எடுத்திருப்பாங்க." "உங்க வண்டியெல்லாம் இங்க ஓட்டாதீங்க. மணிய சொல்லுங்க." "கால் மணி நேரம்." அவள் டீயை அவரிடம் கொடுத்துவிட்டு, பன்னைப் பிய்த்துச் சம்முவின் வாயில் வைத்துவிட்டு, முதுகுப் பக்கம் போய் நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். "இதுல ஒண்ணாம் நம்பர் எது?" "மேல, எடதுபக்கம்." "அது சிவந்துதானுங்க இருக்குது." "எல்லாமே சிவந்துதான் இருக்குது. அழுத்தத்துனால." "இல்லீங்க. அது கொஞ்சம் கூட இருக்குது." அவள் குரல் இறங்கியது. "ஊக்குதானுங்களே ஒண்ணு? என்ற ஊக்காத்தான் இருக்கும். நீங்க அன்னைக்கே சொன்னீங்க." சொன்னார். ஆவணியில் ஒரு காலை, கன்னம் வெடித்து நீர் வடிந்த காலை, தாலிக் கொடியிலும் வளையலிலும் அவள் கொத்தாக மாட்டி வைத்திருந்த ஊக்குகளைப் பார்த்து, "கழுத்துல இரும்புக் கடை வச்சுட்டுப் புள்ளைய நெஞ்சுல போட்டுத் தூங்க வச்சா வராம என்ன பண்ணும்?" என்று கத்தினார். ஒவ்வொரு ஊக்காகக் கழற்றி அடுப்படி ஜன்னலில் வரிசையாக வைத்தாள். அடுத்த வாரம் வளையலையும் கழற்றினாள். அதற்கு அடுத்த வாரம் கொடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொண்டாள். குழந்தையை நெஞ்சில் போட்டுத் தூங்க வைப்பதை விட்டுவிட்டாள். இரவில் தூங்கவைக்கிற வேலையும் அவரிடமே வந்தது. அவரும் தன் தோளில், தன் கிருதாவில், தன் மீசையில். "ஒண்ணாம் நம்பரா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாதுங்களா? ஆயுசுக்கும் இப்படியேதானுங்களா?" என்றாள். இப்போது சொல்லலாம். சாந்தா, ஒன்று இல்லை, எட்டு. நான்கு சொல். வாயைத் திறந்தார். திறந்த வாயில் டீ போனது. சூடாக இருந்தது. "பாக்கலாம் இரு. மேடம் சொல்லட்டும்." மேடம் எதைச் சொல்லட்டும். ஒருவேளை எட்டும் அடங்கிவிடும். அடங்கிவிட்டால் இதையெல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த நினைப்பு வந்ததும் கூடவே இன்னொன்று வந்தது. எட்டு அடங்கினால் வேறு ஏதோ ஒன்று நிற்கும், ஒன்றாம் நம்பர் நின்றாலும் நிற்கும், நிற்கட்டுமே. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். ஒன்று நிற்கட்டும் என்று நினைத்துவிட்டோம். கழுத்தில் வெறும் கயிற்றோடு பக்கத்தில் நிற்கிற மனுஷியை வைத்துக்கொண்டே நினைத்துவிட்டோம். "அம்மா," என்றாள் சம்மு வாய் நிறையப் பன்னோடு, "ஒனக்கு இருக்குது, எனக்கு இருக்குது, அப்பாவுக்கும் இருக்குது, அது என்ன?" "பசி," என்றாள் சாந்தாமணி. "தோலு," என்றார் அர்த்தநாரி. சம்முவுக்குக் கோபம் வந்தது. "நீயே சொல்லிட்ட. நான் சொல்லியிருப்பேன்."

கரூர் வண்டி புறப்பட்டிருக்கும். லூர்து சிஸ்டர் கதவைத் திறந்து, "சம்யுக்தா வாங்க," என்றார். உள்ளே ஜன்னல் ஓரமாக ஒரு ஸ்டூல். சம்முவைச் சாந்தாமணி முன்னால் பிடித்துக்கொண்டாள். டாக்டர் ஃபௌசியா கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு லென்ஸை எடுத்து, விளக்கைச் சாய்த்து, முதலில் கண்ணால் பார்த்தார், பிறகு விரல் நுனியால் ஒவ்வொரு வட்டத்தையும் தடவிப் பார்த்தார். கண் ஏமாறும், விரல் ஏமாறாது போலிருக்கிறது. "ஒண்ணு, இல்ல." சிஸ்டர் எழுதினார். சாந்தாமணி பிடித்து வைத்திருந்த மூச்சு அறை முழுவதும் கேட்டது. "அப்ப ஊக்கு இல்லீங்களா மேடம்?" "இல்லம்மா. இப்போதைக்கு இல்ல." அவள் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தாள். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் குத்திக்காட்டல் இல்லை, நீங்கள் சொன்னது தப்பு என்றுகூட இல்லை, வெறும் நிம்மதி, அதையும் அவரோடு பங்கு போட்டுக்கொள்கிற சிரிப்பு. அவரும் உதட்டை இழுத்துக் காட்டினார். "ரெண்டு, இல்ல. மூணு, இல்ல. நாலு, லேசா இருந்தது அடங்கிருச்சு. இல்ல. அஞ்சு, இல்ல." ஒவ்வொரு இல்லைக்கும் சாந்தாமணி தலையாட்டினாள். ஆறு இல்லை. ஏழு இல்லை. விரல் எட்டில் நின்றது. லென்ஸ் அங்கே போனது. திரும்பத் தடவினார். இங்கிருந்தே தெரிந்தது. மற்ற ஒன்பதும் வெளுத்துப்போன முதுகில் அது ஒன்று மட்டும் தடித்து, மேலே கடுகு கடுகாக நீர் கோத்து நின்றது. "எட்டு, பாசிட்டிவ், ரெண்டு பிளஸ்," என்றார் டாக்டர். ஒன்பது இல்லை, பத்து இல்லை என்று முடித்துவிட்டு, லென்ஸை ஒரு துணியால் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "எட்டு என்னங்க மேடம்?" என்றாள் சாந்தாமணி. டாக்டர் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுபடியும் ஒரு பொய்யைப் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கிற மாதிரியும் இருந்தது, இந்த முறை பிடிக்க மாட்டேன் என்கிற மாதிரியும் இருந்தது. "நான் சொல்றனுங்க," என்றார் அர்த்தநாரி. குரல் டைம் ஆபீஸ் மைக்கில் வருகிற குரல்போல, தன்னுடையது இல்லாததுபோல வந்தது. "எட்டு வந்து தலைக்குப் போடற டை. மேடம் அன்னைக்குக் கேட்டாங்க. நான் போடறதில்லீன்னு சொல்லிட்டேன். மீசைக்கும் போடறனுங்க. ஆனி மாசத்திலிருந்து போடறேன்."

வெளியே யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். சாந்தாமணி கழுத்துக் கயிற்றை ஒரு விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள். "எந்த நாளு கேட்டாங்க?" என்றாள். "செவ்வாக்கெழம." "செவ்வாக்கெழம தெரிஞ்சுமா நேத்து ராத்திரி நான் அழுதப்ப சும்மா படுத்திருந்தீங்க?" காற்று வருகிற இடத்தில் படுத்திருந்தார், அவள் அழுதது கேட்டது. "காரணம் கிடைச்சதே பெரிய விசயம்மா," என்றார் டாக்டர் நடுவில் வந்து. "நிறையப் பேருக்கு இதுவே கிடைக்காது. டையை நிறுத்திட்டா போதும். போட்ட முடிய வெட்டிருங்க. மீசைய எடுத்துருங்க, இல்ல வெள்ளையா விட்டுருங்க. சனிக்கிழமை இன்னொரு தரம் பாக்கணும், வந்துருங்க. பாப்பாவுக்கு ஆயுசுக்கும் இந்தக் கறுப்பு ஆகாது. கறுப்பு மருதாணி, டாட்டூ எதுவும் கூடாது, பெரியவளானாலும்." பிறகு சம்முவின் முன்னால் குனிந்து, "அப்பா மீசையில பூசியிருக்கிற கறுப்பு இருக்குல்ல, அது உன் கன்னத்துக்கு ஆகலை. அவ்வளவுதான். அப்பா வேணும்னு பண்ணலை," என்றார். சம்மு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சொரசொரத்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அப்பாவா கடிச்சுது?" என்று கேட்டாள். "அப்பா இல்லடா. சாயம்." "அது அப்பா மேலதான இருக்குது?" டாக்டர் அவளைத் திருப்பி உட்காரவைத்தார். எட்டாம் வட்டத்தின் மேல் கொஞ்சம் களிம்பு தடவி, பருத்திச் சட்டையை மாட்டிவிட்டார்.

இனிமேல் தூக்கலாமா என்று அர்த்தநாரி கேட்டார். மீசை எடுத்து, தலையும் வெட்டிவிட்டால் எதுவும் இல்லை, தாராளமாகத் தூக்கலாம் என்றார் டாக்டர். இன்றைக்கு, இப்போது? சுத்தமான துண்டைத் தோளில் போட்டு, கன்னம் முடியில் படாமல் தூக்கினால் ஒன்றும் ஆகாது. பத்திரமாகத் தூக்குங்கள் என்றார். லூர்து சிஸ்டர் உள்ளேயிருந்து துவைத்து மடித்த வெள்ளைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, சனிக்கிழமை கொண்டுவந்தால் போதும் என்றார். வராந்தாவில் வந்து நின்றார்கள். கொத்தனார் இருந்த இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு ஒன்றரை கிலோமீட்டர். வெயில் ஏறியிருந்தது. அர்த்தநாரி துண்டை இடது தோளில் விரித்து, காதும் கிருதாவும் பிடரியும் மறையும்படி இழுத்துவிட்டு, ஒரு முனையை மீசைக்கு மேலே பிடித்துக்கொண்டு, எங்கேயும் ஒரு மயிர்கூட வெளியே தெரியவில்லை என்று விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, குனிந்து மற்றக் கையை நீட்டினார். சாந்தாமணி சீட்டுகளைப் பையில் வைப்பதில் முனைந்திருந்தாள்.

சம்மு நடந்தே வருவதாகச் சொன்னாள்.